தொலை உதவி வந்து தொலைத்த கதை

இனிமேல் அலுவலகத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். வேலையை விடவில்லை. சட்டை போடுவதை மட்டும் விடுவதாக உத்தேசம்.

நாங்கள் வேலை பார்ப்பது வரைபடம் தயாரிக்கும் அலுவலகத்தில். என் மனைவி அங்கே தலைமை வரைவாளர். அவளும் அவள் ஆட்களும் வேலை செய்யும் எட்டு லினக்ஸ் மெஷின்களுக்கு நான் காவல். மூட்டுவலி, முதுகுவலி என்று இருக்கிற வலி இல்லாத வலி எல்லாம் சொல்லி, முதலாளியிடம் ஒரு வாரம் சோதனைக்கு அனுமதி வாங்கினேன். நான் வீட்டில் இருந்தும் எட்டும் ஒழுங்காக ஓடினால் ஆயுசுக்கும் வீடுதான். மெஷின்கள் ஒரு நாள் படுத்துக்கொண்டாலும் பழையபடி அலுவலகம்.

அதற்காக முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, எட்டிலும் ஒரு தொலை உதவி மென்பொருளை ஏற்றி, மெஷின்களை அணைத்துவிட்டு வந்தேன். அங்கிருக்கும் திரையை இங்கே சாய்ந்தபடி பார்க்கலாம், மவுஸை நகர்த்தலாம். வீட்டு மெஷினிலும் அதையே போட்டேன். மனைவியிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்பாள். கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே.

ஒன்பதரைக்கு அவள் போன் செய்தாள். பாஸ்வேர்டு போட்டால் திரை ஒரு தரம் கண் சிமிட்டிவிட்டு மறுபடி பாஸ்வேர்டே கேட்கிறதாம். எட்டும் அதே கதை. குடிநீர்க் குழாய் வரைபடம் பன்னிரண்டு மணிக்குள் போயாக வேண்டும்.

"புதுசா ஏதாவது போட்டீங்களா?"

"நானா? ஒண்ணையும் தொடவே இல்லம்மா."

போனை வைத்துவிட்டுத் தொலை உதவியைத் திறந்தேன். அந்தப் பக்கம் உள்ளே இருப்பவர் அனுமதி தர வேண்டும் என்றது. உள்ளே ஒருவருமே போக முடியவில்லை என்பதுதானே பிராது. வீட்டு மெஷினைக் குடைந்தேன். நல்லவேளை, அதை அணைக்கவில்லை; அணைத்திருந்தால் அதுவும் என்னை உள்ளே விட்டிருக்காது. பார்த்தால் இந்தத் தொலை உதவிப் புண்ணியவான் தன் சௌகரியத்துக்காக லாகின் செட்டிங் ஃபைலில் ஏழாவதாக ஒரு வரியைச் செருகியிருக்கிறான்; வருகிறவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவது அதுதான். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம். தொலைவிலிருந்து உதவ வந்தது, வந்து தொலைத்துவிட்டது.

மாட்டிக்கொள்ளாமல் இதை எப்படிச் சொல்வது என்று நான் கையைப் பிசைந்துகொண்டிருக்க, பத்தே முக்காலுக்கு அவளே மறுபடி கூப்பிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் புரியலங்க. நீங்கதான் சொல்லணும்."

பதினாலு வருஷத்தில் அவள் வாயில் வராத வாக்கியம். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது.

"கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு. மூணையும் சேத்து அழுத்து. கறுப்புத் திரை வரும், அது வழியா உள்ள போ. லாகின் ஃபைலைத் திற. ஏழாவது வரியைத் தூக்கிடு."

"எட்டுலயும் ஏழாவதுதானா?"

"எட்டுலயும் ஏழாவதுதான்."



"ஒண்ணையும் தொடாதவருக்கு ஏழாவது வரின்னு எப்படிங்க தெரியும்?"

தவளை தன் வாயால் கெட்டுவிட்டது. இருமிப் பார்த்தேன். பலிக்கவில்லை.

"மெஷின் எட்டும் சரியாகி முக்கால் மணி நேரமாச்சு. நீங்கதான் இன்னும் சரியாகல. அதான் கூப்பிட்டேன்."

முதல் போனை வைத்த கையோடு அதே கறுப்புத் திரைக்குள் போயிருக்கிறாள். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு மாறிய ஃபைல் எது என்று தேடி, பழைய நகலோடு ஒப்பிட்டு, வரியையும் நீக்கி, மென்பொருளையும் பிடுங்கி எறிந்துவிட்டாள். நகல் எப்போது எடுத்தாளாம்? நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கப் போவதாகச் சொன்ன அன்றைக்கே. எனக்குக் கோபம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. இந்த மூளை இருக்கிற இடத்துக்கு நான் காவலாம்.

முதலாளியிடம் சொல்லிவிட்டாயா என்று மெல்லக் கேட்டேன்.

"சொல்லிட்டேன். நீங்க வீட்டுலேருந்தே போன்ல சொல்லிச் சரி பண்ணிட்டீங்கன்னு."

கட்டினால் இவளைத்தான் கட்ட வேண்டும் என்று கண் கலங்கியது.

"அவருக்கு ஒரே சந்தோஷம். இப்பேர்ப்பட்ட ஆளை வீட்டுல விட்டு வைக்கலாமா, நாளைலேருந்து இங்கயே வரச் சொல்லுன்னுட்டார். வர்றீங்களா? இல்ல, கெடுத்ததே நீங்கதான்னு மாத்திச் சொல்லட்டுமா?"

மறுநாள் எட்டேகால் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. எனக்குக் கம்பி.