தட்டு மேஸ்திரி படுத்த இடம்

1930களில் சேலம் டவுனில் தட்டு மேஸ்திரியின் கைமுட்டி படாத சுவரே கிடையாது. சுவர் என்ன, தூண், கதவு, பீரோ, எங்கள் தலைமைக் குமாஸ்தாவின் தொப்பை வரை தட்டிப் பார்த்தவர். சேந்தமங்கலத்துக்காரர். எங்கள் பழைய ஆபீஸ் கட்டடத்தைப் பழுது பார்க்க வந்திருந்தார். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்க அவர் ஓர் இடத்தில் நின்றால்தானே!

நான் ஒரு கடிதம் எழுதி முடிப்பதற்குள் என் முதுகுக்குப் பின்னால் நாலு தரம் டொக் டொக். மசி சிந்தும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"மேஸ்திரி, கொஞ்சம் சும்மா இருங்களேன்!"

"செவுரு பேசறப்ப நாம பேசப்படாதுங்க சாமி."

அந்த நேரம் பார்த்து மெட்ராஸிலிருந்து இன்ஜினீயர் வந்தார். மாடியைத் தாங்கும் மர உத்தரம் ஒன்றில் பென்சிலைக் குத்தினார். பென்சில் உள்ளே போனது, கரையான் வெளியே வந்தது. கட்டடத்தையே இடித்துவிட வேண்டும் என்றார். இடித்தால் ஆபீஸ் அயோத்தியாப்பட்டணத்துத் தகரக் கொட்டகைக்குப் போய்விடும். எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேஸ்திரி கொதித்தார்.

"ஒத்தப் பல்லு சொத்தைன்னா தலையவே எடுத்துப்போடுவாங்களா?"

மூன்றே வாரத்தில் கெட்டதைக் கழற்றிப் புதுத் தேக்கு உத்தரம் ஏற்றினார். இன்ஜினீயர் மறுபடி வந்து, மாடியில் மணல் மூட்டை அடுக்கச் சொன்னார். தாங்கினால் கட்டடம் பிழைக்கும். மணல் வண்டியோ வரவில்லை. இன்ஜினீயருக்குச் சாயங்காலம் ரயில். மேஸ்திரி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை தலைமைக் குமாஸ்தாவிடம் போய் நின்றது.

"மூட்டை எதுக்குங்க? இவுங்க பத்துப் பேரையும் மேல ஏத்துங்க."

ஏறினோம். மடியில் ஆளுக்கொரு கட்டு ஃபைல். தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டபடி உட்கார்ந்தோம். மேஸ்திரி எங்கே என்று கேட்டால், கீழே எங்களுக்கு நேராக மல்லாந்து படுத்திருக்கிறாராம்! என்ன திமிர் பாருங்கள் என்று நினைத்தேன். அரை மணி நேரம் போனது. தலைமைக் குமாஸ்தா ஒரு தும்மல் போட்டார். ஒன்பது பேர் அலறினோம். கட்டடம் அசையவில்லை. இன்ஜினீயர் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினார்.

இறங்கியதும் கேட்டேன். "உங்க வேலை மேல அவ்வளவு நம்பிக்கையா மேஸ்திரி?"

"பாதி நம்பிக்கைதானுங்க. நீங்க உழுந்தா வெறுந்தரையில உழுகப்படாது பாருங்க, அதான் படுத்தனுங்க."

அதற்கப்புறம் என் முதுகுக்குப் பின்னால் டொக் டொக் கேட்டால், அவர் தட்டி முடிக்கும்வரை பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.