முதுகுநோக்கிகள்

மனிதர்களில் முதுகுநோக்கி என்று ஓர் இனம் உண்டு. இதுவரை உங்களிடம் யாரும் சொல்லவில்லையென்றால் நான் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா மகாராணி காலத்துப் புகைப்படம் ஒன்றை இவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். அதில் இருப்பது பேரழகியா, அம்மைத்தழும்புப் பாதிரியாரா, அழுது முடித்த குழந்தையா என்று ஒரு நொடியாவது பார்ப்பார்களா? ம்ஹூம். பொசுக்கென்று திருப்பிப் பின்பக்கத்தைப் படிப்பார்கள். ஸ்டுடியோக்காரர் பெயரும் தெருவும் கதவு எண்ணும் அங்கேதான் அச்சாகியிருக்கும்.

இங்கிலாந்தின் கடலோர ஊரான எங்கள் ஸ்கார்பரோவில் இந்த இனத்தின் தலைமகன் கத்பர்ட் டிட்மார்ஷ். மாதத்தின் முதல் சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் பழம்பொருள் சந்தை கூடும்போது, கதவு திறக்கும் முன்பே மழையில் வந்து நின்று, உள்ளே பாய்ந்து, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கிளறி, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடியை அடுத்தவர் டீயில் முக்கி, மண்டிபோட்டு மேசைக்கு அடியிலும் புகுந்து, கடைசியில் ஒரு தாடிக்காரர் படத்தோடு வெளியே வருவார். யார் இந்தத் தாடி என்று கேளுங்கள்.

"எவனோ ஒருத்தன்! ஆனா பின்னாடி பாருங்க, பிளென்கின் முப்பத்தொன்பதாம் நம்பர்னு போட்டிருக்கான்!"

ஜோசையா பிளென்கின் என்ற ஸ்டுடியோக்காரர் முப்பத்தேழாம் எண்ணிலிருந்து முப்பத்தொன்பதுக்கு எந்த வருஷம் மாறினார் என்பதுதான் பதினோரு வருஷமாக அவருடைய ஆராய்ச்சி. தெருவின் அந்தப் பக்கம் முழுக்க ஒற்றைப்படை எண்கள்தான்; பக்கத்து வீடுங்க! சாமானை ஜன்னல் வழியாகவே கொடுத்திருக்கலாம். பக்கத்து ஊரான விட்பியில் ஒருவர் வேறு வருஷம் சொல்கிறாராம். அவரோடு இவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

போன மார்ச்சில் ஒருநாள் நான் கத்பர்ட் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி மேவிஸுடைய அக்கா எனிட் வந்தார். கையில் பழைய ஆல்பத்தின் ஒரு தாள். அதில் ஒட்டியபடி அவருடைய கொள்ளுப்பாட்டி. அந்தம்மாவுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே படம். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்குக் காட்டவேண்டும். எந்த வருஷம் எடுத்தது என்று கத்பர்ட் சொன்னால் போதும். படத்தில் எனிட்டின் அதே மூக்கு, அதே முறைப்பு. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

"உடுப்பை வச்சே வருஷம் சொல்லிடலாமேப்பா?" என்றார் எனிட்.

"உடுப்பா? உடுப்பு பொய் சொல்லும் எனிட். முதுகு பொய் சொல்லாது."

"பத்திரம்ப்பா. எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான்."

முதுகோ தாளோடு ஒட்டியிருந்தது. மேவிஸுடைய கேக் சுடும் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, அதில் படத்தை ஊறப்போட்டார் மனுஷன். நாங்கள் பிஸ்கட்டைக் கடித்தபடி வானிலையைத் திட்டிக்கொண்டிருந்தோம். இருபது நிமிஷம் கழித்து அடுக்களையிலிருந்து ஒரு கூச்சல்.

"முப்பத்தொன்பது! பென்சில்ல தேதியும் இருக்கு! எழுபத்து மூணுலயே மாறிட்டான்! விட்பிக்காரன் மூஞ்சில கரி!"

சொட்டச்சொட்ட அட்டையோடு ஓடிவந்தார். எனிட் அதை வாங்கி, உலகத்தில் மற்ற எல்லோரும் செய்வதுபோல முன்பக்கம் திருப்பினார்.

வெறும் அட்டை.

அந்தக் காலத்துப் படம் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய தாள்; அதை அட்டையில் ஒட்டிக் கொடுப்பார்கள். பசை இளகி, முகம் தனியாகக் கழன்று மிதந்திருக்கிறது. கத்பர்ட் அதைக் கவனிக்காமல் தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டி, குழாயையும் திறந்துவிட்டு, தட்டைச் சமர்த்தாக அலம்பிக் கவிழ்த்துவிட்டார். மேவிஸ் ஓடிப்போய்க் கைவிட்டுத் துழாவினார். தேயிலைச் சக்கைதான் வந்தது.

"எங்கே அவ?" என்றார் எனிட்.

கத்பர்ட் அடுக்களையையும் அட்டையையும் மாறிமாறிப் பார்த்தார். சட்டென்று முகம் மலர்ந்தது. எனிட் கையிலிருந்த அட்டையைத் திருப்பினார்.

"கவலையே படாதே எனிட்! இங்க பாரு, 'நெகட்டிவ் பத்திரமாக உள்ளது. பிரதிகள் எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்'னு பிளென்கினே போட்டிருக்கானே!"

"அவன் செத்து நூறு வருஷமாச்சு, மனுஷா!" என்று கத்தினார் மேவிஸ்.

"அதை அப்படி உறுதியாச் சொல்லிட முடியாது," என்றார் கத்பர்ட். "இறந்த தேதி இன்னும் கிடைக்கலை."

எனிட் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அட்டையை மேசைமேலேயே விட்டுவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே வாசல்வரை ஓடினேன். ஆறுதல் சொல்லத்தான் ஓடினேன், சத்தியமாக. வாயைத் திறந்தால் வந்தது இதுதான்: "அந்த அட்டையை யாருக்காவது கொடுக்கறதா இருந்தா முதல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். தண்ணீரோடு போன அந்தம்மாவின் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கத் தோன்றவே இல்லை. இவ்வளவு நேரம் படித்தீர்களே, உங்களுக்குத் தோன்றியதா?