குங்குமப்பூவும் மூன்று கணவாய்களும்

இந்த வருஷம் குங்குமப்பூ மேசையில் உட்காரப் போவதில்லை என்று நான் சபதம் செய்தேன். சாட்சி, ரொட்டிக்கடை பெனிக்னோ.

"சத்தியமாவா அண்ணே?"

"சத்தியமா. என் சைக்கிள் மேல சத்தியம்."

பெனிக்னோ அடுப்புக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டான். சிரிப்பது எனக்குத் தெரியக் கூடாதாம். முதுகு குலுங்கியது.

எங்கள் மாவட்டத்தின் பெயர் தெருவெல். தெரு என்பது பெயரோடு சரி. எங்கள் ஊரில் இருப்பதே ஒரு தெரு. அதுவும் மலை ஏறப் பயந்து தேவாலய வாசலோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் என் ராஜ்ஜியம். கணவாய், பள்ளத்தாக்கு, கொண்டை ஊசி வளைவு, ஆட்டு மந்தை, கழுகு. காரில் வருகிறவன் வழி தவறினால்தான் அங்கே வருவான். நான் மீசை முளைத்த நாளிலிருந்து சைக்கிளில் ஏறிக்கொண்டிருக்கிறேன். எந்த வளைவில் காற்று கன்னத்தில் அறையும், எந்த வளைவில் முதுகில் கை கொடுத்துத் தள்ளும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பெருமையாகத்தான் சொல்கிறேன். என்னைப் பற்றிப் பெருமைப்பட ஊரில் வேறு ஆள் இல்லை. பாதிப் பேர் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் என் சொந்தக்காரர்கள்.

அக்டோபர் கடைசியில் இந்த ராஜா கைதியாகிவிடுவார். குங்குமப்பூ பூக்கும் காலம். காலைப் பனியில் பறிக்க வேண்டும். பறித்ததை அன்றைக்கே பிரித்து, நடுவில் இருக்கிற சிவப்பு நாரை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் பூ வாடிக் கூழாகிவிடும். மேசை மேல் ஊதா நிறத்தில் ஒரு மலை எழும்பி நிற்கும். நான் பார்க்காத மலையா? ஆனால் அந்த ஒரு மலைக்குத்தான் கணவாயே கிடையாது. கிள்ளுவதில் நான் மட்டம் இல்லை. அதுதான் என் துரதிர்ஷ்டம். மட்டமாக இருந்திருந்தால் எப்போதோ எழுந்து போகச் சொல்லியிருப்பாள் என் மனைவி காசில்தா.

இந்த வருஷம் நிலைமை இன்னும் மோசம். கூட உட்காரும் அவள் தங்கை, தன் மகனோடு வலென்சியாவுக்குப் போய்விட்டாள். மழையும் வெயிலும் பேசி வைத்துக்கொண்டு மாறி மாறி அடித்ததில் வயல் முழுக்க ஒரே சமயத்தில் மொட்டு விட்டிருந்தது. சபதம் செய்யாமல் என்ன செய்வது?

சபதம் செய்த மறுநாளே தெய்வம் தொலைபேசியில் வந்தது. எடுத்தவள் காசில்தா.

"என்னங்க, சரகோசாவிலேருந்து ஏதோ சைக்கிள் சங்கமாம். உங்களைத்தான் கேக்கறாங்க."

அந்தப் பக்கம் ஒரு பெண். பெயர் நியெவெஸ், சங்கத்தின் தலைவி. "ஹசிந்தோ ஐயா, யாரும் போகாத மலைப்பாதையா பார்த்து எங்களைக் கூட்டிட்டுப் போக முடியுமா? நாங்க எட்டுப் பேர். வர்ற சனிக்கிழமை."

சனிக்கிழமை! பூ உச்சத்தில் இருக்கும் நாள்! உள்ளுக்குள் நான் மணி அடித்துக்கொண்டு இறக்கத்தில் பறந்தேன். வெளியே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ரிசீவரைக் கையால் பொத்தினேன்.

"காசில்தா, சனிக்கிழமையாம். பூ நேரமாச்சே. முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

"ஏன் முடியாது? போயிட்டு வாங்க."

"அப்ப பூ?"

"பூ எங்க ஓடிடப் போகுது? ஓடறதெல்லாம் நீங்கதான்."

"நீ ஒண்டியா எப்படி..."

"நான் பாத்துக்கறேன். நல்லா சுத்திக் காட்டுங்க. எல்லாரையும் நல்ல பசியோட கூட்டிட்டு வாங்க."

இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். நான் பெனிக்னோவிடம் ஓடினேன்.

"விடுதலை! வாயைத் திறந்து அவளே போகச் சொல்லிட்டா!"

"அக்கா சிரிச்சாங்களா அண்ணே?"

"சிரிச்சா."

"அப்ப ஜாக்கிரதை."

பொறாமை. ரொட்டிக்காரனுக்கு அடுப்பை விட்டால் உலகம் எது?

அன்று ராத்திரிச் சாப்பாடு ஆனதும் பாதைக்குத் திட்டம் தீட்டினேன். மூன்று கணவாய். மூன்றாவதன் உச்சியில் சாலை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் இறங்கினால் மத்தியானத்துக்குள் என் வீடு. வலது பக்கம் இறங்கினால் ஆற்றோரத்தில் ஒரு சாப்பாட்டு விடுதி. விறகடுப்பில் ஆட்டுக்கால் வேகும். அங்கே தின்றுவிட்டு, மரத்தடியில் கட்டையைச் சாய்த்துவிட்டு, வெயில் தாழ வீட்டுக்கு வந்தால் மேசை துடைத்துச் சுத்தமாக இருக்கும். வலதுதான். சந்தேகமே இல்லை.

சனிக்கிழமை காலை எட்டுப் பேரும் வந்தார்கள். மழித்த காலில் ஒரு முடி இல்லை. சைக்கிளில் ஒரு தூசி இல்லை. என்னுடையது பழைய இரும்புக் குதிரை. அதைப் பார்த்து ஒரு வாலிபன் பக்கத்திலிருந்தவனை இடித்தான். முதல் கணவாயில் அவன் பேச்சு குறைந்தது. இரண்டாவதில் நின்றே போனது.

அன்றைய மலையை நான் எப்படிச் சொல்வேன்! பனி விலக விலகப் பாறைகள் சிவந்தன. சாலை முழுவதும் எங்களுடையது. எதிரே வந்தது ஒரு மந்தையும் அதை ஓட்டி வந்த நாயும்தான். மேய்ப்பன் பின்னால் மெதுவாக வந்து, "யாரு, ஹசிந்தோவா? பட்டணத்துக்காரங்களைக் கொன்னுடாதே!" என்று கத்தினான். பள்ளத்தின் விளிம்பில் கழுகுகள் எங்களுக்குக் கீழே பறந்தன. கீழே! பட்டணத்துக்காரர்கள் வாய் பிளந்து நின்றார்கள். அத்தனையையும் நானே செய்து வைத்தவன் போல மீசையைத் தடவிக்கொண்டேன்.

மூன்றாவது ஏற்றம் சுவர் மாதிரி. அந்த வாலிபன் பின்னாலிருந்து முனகினான்.

"ஐயா, உச்சி எங்க?"

"அடுத்த வளைவு."

"போன வளைவிலயும் இதைத்தான் சொன்னீங்க!"

"தம்பி, இந்த மலையில எல்லாமே அடுத்த வளைவுதான்."

உச்சியில் முதல் ஆளாக நான் போய் நின்றேன். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். நியெவெஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "இப்படி ஒரு பாதை நாட்டிலேயே கிடையாது ஐயா" என்றாள். எனக்குக் கழுத்து கொஞ்சம் நீண்டுவிட்டது.

"வாங்க," என்றேன். "வலது பக்கம் இறங்கணும்."

"இடது பக்கம்தானே ஐயா?"

"வலது பக்கம் ஆட்டுக்கால் இருக்கும்மா!"

"இடது பக்கம் காசில்தா அக்கா இருக்காங்களே! சாப்பாடு போட்டு, குங்குமப்பூ கிள்ளச் சொல்லித் தரேன்னாங்க. நாங்க கிளம்பி வந்ததே அதுக்குத்தான்."

கழுத்து பழைய அளவுக்கு வந்தது.

"எப்ப சொன்னா?"

"உங்ககிட்ட பேசறதுக்கு முன்னாடி நாள். அவங்கதான் சங்கத்துக்குப் போன் பண்ணாங்க. 'எங்க வீட்டுக்காரர் மாதிரி மலை தெரிஞ்ச மனுஷன் இந்தப் பக்கத்துல கிடையாது. நீங்க கூப்பிட்டா வருவார். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, கூச்சப்படுவார்'னு சொன்னாங்க. ஐயோ, சொல்லிட்டேனே!"

எட்டுச் சைக்கிளும் இடது பக்கம் திரும்பின. ஒண்டியாக ஆட்டுக்கால் தின்பதில் என்ன கௌரவம் இருக்கிறது? நானும் திரும்பினேன்.

வீட்டில் பூண்டும் கொழுப்பும் போட்டு வறுத்த ரொட்டித் தூள், மேலே திராட்சைப் பழம். வழித்துத் தின்றார்கள். பிறகு காசில்தா மேசைத் துணியை விலக்கினாள். ஊதா மலை. பட்டணத்துக்காரர்கள் கைதட்டினார்கள். இத்தனை வருஷத்தில் அதைப் பார்த்து யாரும் கைதட்டி நான் கண்டதில்லை.

அவளைச் சமையலறைக்குத் தனியாக இழுத்துப் போனேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா என்ன பண்ணியிருப்பீங்க?"

"யோசிச்சிருப்பேன்."

"சைக்கிள் மேல ஏறி யோசிச்சிருப்பீங்க. எப்படியும் ஓடத்தான் போறீங்க. ரெண்டு கையை வீசிட்டு ஓடற மனுஷன், திரும்பி வரும்போது பதினாறு கையோட வரட்டுமேன்னு நெனச்சேன். தப்பா?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். திறந்த வாயில் ஒரு திராட்சையைப் போட்டுவிட்டு அவள் முன்னறைக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அவள் குரல் கேட்டது:

"நான் என்ன பெரிசா கிள்ளறேன்? எங்க வீட்டுக்காரர் கையைப் பாருங்க. ஊரே நின்னு வேடிக்கை பாக்கும்."

எட்டு ஜோடிக் கண்கள் என் பக்கம் திரும்பின. ஒரு ஆண்பிள்ளை அதற்குப் பிறகும் நின்றுகொண்டிருக்க முடியுமா? உட்கார்ந்தேன். ஒரு பூ, ஒரு சுழற்று, ஒரு கிள்ளு. "அடேயப்பா!" என்றான் மலையில் முனகிய வாலிபன். இன்னும் வேகமாகக் கிள்ளினேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான் என் சபதத்தின் சாட்சி பெனிக்னோ. ஒரு ரொட்டியை உள்ளே நீட்டிவிட்டு, முதுகு குலுங்கப் போனான்.

பேச்சும் சிரிப்புமாகச் சூரியன் சாய்வதற்குள் மலை கரைந்துவிட்டது. ஒரு பூ வாடவில்லை. தட்டில் குவிந்த சிவப்பு நாரைப் பார்த்தேன். எதிரே காசில்தாவைப் பார்த்தேன். ஒரு போனில் மலையையும் ஊரையும் பட்டணத்தையும் ஒரே மேசையில் உட்கார வைத்திருக்கிறாள். எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மீசையைத் தடவிக்கொண்டேன்.

வாசலில் விடைபெறும்போது நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். "அடுத்த வருஷமும் வாங்க. மறுபடி நானே முன்னால போய் வழி காட்டறேன்."

நியெவெஸ் தன் சைக்கிள் கைப்பிடியில் இருந்த சின்னக் கருவியை அன்போடு தட்டினாள்.

"உங்களுக்கு எதுக்கு ஐயா சிரமம்? நீங்க போன வழி மொத்தமும் இதுல பதிவாயிடுச்சு. அடுத்த வருஷம் நாங்களே சுத்திட்டு வந்துடறோம், நீங்க காலையிலேயே மேசையில உக்காந்துடலாம்னு அக்கா சொல்லிட்டாங்க."