பதவி உயர்வும் ரொட்டிப் பொம்மையும்

பதவி உயர்வு கேட்கப்போகிறவர் என்று ஓர் இனம் உண்டு. கவனியுங்கள், கேட்டவர் அல்ல, கேட்கப்போகிறவர். எங்கள் குவாதலஹாரா நகரத்துக் கூரையோட்டுக் கம்பெனியில் அந்த இனத்தின் திலகம் எவெரார்தோ. மேற்பார்வையாளர் நாற்காலி காலியாகக் கிடந்தது. அதில் உட்கார எல்லாத் தகுதியும் அவருக்கு உண்டு. வாய் ஒன்றுதான் இல்லை.

காலையில் கண்ணாடி முன் நின்று, "தோன் அன்செல்மோ, எனக்கு அந்த வேலை வேணும்" என்று, பெயருக்கு முன் மரியாதைக்குத் 'தோன்' சேர்த்து, மேலாளரிடம் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்ப்பார், தலையைப் படிய வாருவார், விறுவிறுவென்று மேலாளர் அறைக்குப் போவார், கதவைத் தட்டுவார், உள்ளே போய், "காப்பி கொண்டாரட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவார். திங்களன்று மேலாளருக்குக் கோபமாம். வெள்ளியன்று அவசரமாம். நம் அணி பந்தாட்டத்தில் தோற்ற மறுநாள் கேட்கலாமா? ஜெயித்த மறுநாள்தான் கேட்டு அவர் சந்தோஷத்தைக் கெடுக்கலாமா?

ஜனவரியில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, மூன்று ராஜாக்கள் திருநாள் வந்தது. ஆபீசில், உள்ளே சின்னக் குழந்தைப் பொம்மை ஒன்றை ஒளித்துச் சுட்ட வளைய ரொட்டி வெட்டினோம். யார் துண்டில் அந்தப் பொம்மை வருகிறதோ அவர் பிப்ரவரியில் எல்லோருக்கும் தமால் போட வேண்டும்; சோளமாவைச் சோள மடலில் பொதிந்து அவிக்கிற பெரிய வேலை அது. பொம்மையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிற கெட்டிக்காரர்களும் எங்களில் உண்டு. அந்த வருஷம் அது மேலாளர் பல்லிலேயே கடிபட்டது. மனுஷர் விளக்கெண்ணெய் குடித்த முகமாகிவிட்டார்.

எவெரார்தோ பாய்ந்து போய்ப் பொம்மையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "விடுங்க, தோன் அன்செல்மோ! நான் பாத்துக்கறேன்."

"தங்கமான மனுஷன்யா நீ!"

இனி தமாலோடு தமாலாகக் கேட்டுவிடலாம் என்பது திட்டம். பிப்ரவரியில் மனைவி, மச்சினி, மாமியார் எல்லோரும் இடுப்பொடிய அவித்ததை அண்டாவோடு கொண்டுவந்து இறக்கினார். மேலாளர் ஒரு கை பார்த்துவிட்டு விரலை நக்கினார்.

"எவெரார்தோ, உனக்கு என்னப்பா செய்யணும்? கூச்சப்படாம கேளு."

பக்கத்து மேஜை ஒபேலியா அவர் விலாவில் இடித்தாள். "கேளுங்களேன்!"

எவெரார்தோ தொண்டையைக் கனைத்தார். "தோன் அன்செல்மோ... வந்து... பச்சை மிளகாய் போட்டதுல இன்னொண்ணு வெக்கட்டுமா?"

"வை, வை!"

ஒபேலியாவுக்குப் பொறுக்கவில்லை. "தோன் அன்செல்மோ, அந்த மேற்பார்வையாளர் வேலையை எனக்குக் குடுங்க."

"அட, யாருமே கேக்கலையேன்னுதான் சும்மா வெச்சிருந்தேன். எடுத்துக்கோம்மா."

எவெரார்தோவையும் வெறுங்கையோடு விடவில்லை. "இனிமே வருஷா வருஷம் தமாலுக்கு நீதான் பொறுப்பு!" என்று முதுகில் தட்டிக்கொடுத்தார். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

நீங்களும் சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆமாம், உங்கள் மேலாளரிடம் நீங்கள் எப்போது கேட்கப்போகிறீர்கள்? அடுத்த வாரமா? அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போதா?

சரிதான். மாவு பிசையத் தெரியுமல்லவா?