ஓய்வில் தேறாத ரெய்னோ

குளிர்காலத்தில் மனிதன் தூங்குவான் என்பது வடதுருவத்தை ஒட்டிய குர்ணவாரா நகராட்சிக்குத் தெரியாமலே பல தலைமுறைகளாக நடந்து வந்தது. டிசம்பரில் சூரியன் கிளம்பிப் போனால் ஜனவரி நடுவில்தான் திரும்பும். அதுவரை நண்பகலில் கொஞ்சம் நீல வெளிச்சம், மற்றபடி இருட்டு. மக்கள் காப்பி குடித்தார்கள், சவுனா என்ற நீராவி அறையில் வியர்த்தார்கள், பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், படுத்தார்கள். இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. அனுமதியும் கேட்கவில்லை.

இவர்களில் தலைசிறந்த தூங்கி ரெய்னோ. நகராட்சியின் பனி வாரும் வண்டியை ஓட்டுபவர். ஊர் எழுமுன் எழுந்து தெருவெல்லாம் வழித்துவிட்டு, மதியம் வீட்டுக்கு வந்து பட்டாணி சூப் குடித்து, அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் சாய்ந்தால் அடுத்த நொடி குறட்டை. அந்த மதியத் தூக்கம் ஒன்றுதான் அவர் இந்த உலகத்திடம் கேட்டது. சம்பள உயர்வுகூடக் கேட்டதில்லை.

அப்படியிருக்க, ஆணையர் ஓஸ்மோ தலைநகரில் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தார். இருட்டு ஒரு குறையல்ல, வளம் என்றும், அதை மனமார ஏற்று உள்ளத்தைப் புதுப்பித்துக்கொள்வதுதான் இப்போது படித்தவர்களின் வழக்கம் என்றும் அங்கே சொன்னார்கள். ஊரில் வேறு வளம் எதுவும் இல்லாததால் ஓஸ்மோ நெகிழ்ந்துபோனார். திரும்பும்போது மெர்வி என்ற ஆலோசகரையும் கையோடு கூட்டிவந்தார். அந்த அம்மையார் இருட்டைப் பற்றி ஆழ்ந்து ஆராய்ந்தவர். தெற்கே, நல்ல வெளிச்சமான ஓர் அலுவலகத்தில்.

'இருட்பருவ அகப்புத்தாக்கத் திட்டம்' பிறந்தது. நகராட்சி ஊழியர் அனைவரும் ஓய்வுப் பயிற்சி வகுப்புக்குக் கட்டாயம் வர வேண்டும். நேரம், மதியம் ஒரு மணி.

ரெய்னோ போனார். பாயில் மல்லாந்து படுத்து, பனிக்கு அடியில் கிடக்கும் விதையாகத் தன்னை நினைத்துக்கொள்ளும்படி மெர்வி மென்குரலில் சொன்னார். விதை உடனே குறட்டை விட்டது.

"ரெய்னோ, நீங்க தூங்கிட்டீங்க."

"ஆமா."

"இது ஓய்வு வகுப்பு."

"ஓய்வுதாங்க எடுத்தேன்."

"தூக்கம் வேற, ஓய்வு வேற. தூங்குறவருக்குத் தான் ஓய்வெடுக்குறதே தெரியாது. உங்களுக்கே தெரியாம நீங்க எடுத்த ஓய்வை நாங்க எப்படிக் கணக்குல சேர்க்கிறது?"

ரெய்னோ யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க மறுபடி தூக்கம்தான் வந்தது. அவர் ஓய்வில் தேறாதவர் என்று அறிவிக்கப்பட்டுக் காலையிலும் சிறப்பு வகுப்பு போடப்பட்டது. தேறும்வரை வீட்டில் மதியம் படுக்கவும் தடை. பயிற்சியில்லாமல் ஓய்வெடுத்தால் பின்விளைவுகள் உண்டாம்.

ஓட்டுநர் காலையில் விதையாகக் கிடந்ததால் தெருவில் பனி வார ஆளில்லை. கார்கள் புதைந்தன, தபால் நின்றது. ரெய்னோ நேராக ஓஸ்மோவிடம் போனார். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு.

"ஓஸ்மோ, தெருவுல பனி இடுப்பளவு ஏறிக்கெடக்கு. ஜனங்க வெளிய வர முடியல."

"அதானேடா திட்டமே. போன வருஷம் எல்லாரும் கண்ட இடத்துல சுத்திட்டிருந்தாங்க. இந்த வருஷம் உள்ளயே இருக்காங்க பாரு."

"எனக்கு மத்தியானம் தூங்கணும்டா. அவ்வளவுதான்."

"தேறிடு. தேறினா தாராளமாத் தூங்கு, யார் கேக்கப்போறா?"

அடுத்து, இருட்டுக்கு இடையூறாக இருப்பதாகச் சொல்லித் தெருவிளக்குகளை அணைத்தார்கள். ஆனால் இருட்டில் நடப்பவர் வெளிச்சம் பட்டால் மின்னும் வில்லையைச் சட்டையில் தொங்கவிட வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது. எல்லாரும் தொங்கவிட்டார்கள். மின்னுவதற்கு வெளிச்சம் இல்லாததால் ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். இருவரிடமும் வில்லை இருந்தபடியால் யார் மேலும் தவறில்லை என்று முடிவாயிற்று.

முதலில் ஊர் சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் ரெய்னோவின் மனைவி ஹில்க்கா. "படுக்குறதுக்குப் பரீட்சை வச்சு அதுலயும் பெயிலான மனுஷன் நீ ஒருத்தன்தான்யா" என்று வாய் வலிக்கச் சொல்லிக் காட்டினாள். பிறகு, சிறந்த ஓய்வுக் குடும்பங்களுக்கு ஆந்தை உருவம் போட்ட வெள்ளிப் பதக்கம் என்ற அறிவிப்பு வந்தது. கசாப்புக் கடைக்காரர் மனைவி அதைக் கோட்டில் குத்திக்கொண்டு காப்பிக் கடைக்கு வந்த அன்றே ஹில்க்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டில் அமைதி நிலவுகிறதா என்று பார்க்க ஒரு குழு வரப்போகிறது என்று தெரிந்ததும் அவள் திரைச்சீலைகளைத் துவைத்தாள், தரையைத் தேய்த்தாள், மெழுகுவர்த்திகளை வாங்கிக் குவித்தாள். ரெய்னோ அடுப்புப் பலகையில் கொஞ்சம் சாய்ந்தால் போதும், "எந்திரி, அமைதியைப் பாக்க ஆள் வர்றாங்க, ஜன்னலைத் துடை" என்று ஒரு சத்தம். பகல் முழுக்க ஓய்வு வகுப்பு, மிச்ச நேரம் ஓய்வு ஏற்பாடு. மனிதருக்குக் கண் இரண்டும் சிவந்துவிட்டன. மெர்வி அதைப் பார்த்து, புத்தாக்கம் தொடங்கிவிட்டது என்றார்.

ஒருவழியாக ஜனவரி வந்தது. சூரியன் முதலில் எட்டிப் பார்க்கும் நாளில் ஊரே மலையேறி, குடுவைக் காப்பியும் ரொட்டியுமாகக் காத்திருப்பது வழக்கம். இந்த வருஷமும் பனியில் புதைந்து புதைந்து ஏறினார்கள். உச்சியில் ஓஸ்மோ ஓர் அறிவிப்பு வைத்திருந்தார். இருட்பருவத்தின் மதிப்பீடு நாளைதான் முடியும். அதற்கு முன் சூரியனை வரவேற்பது இதுவரை பெற்ற ஓய்வைச் செல்லாததாக்கிவிடும். ஆகவே சான்றிதழ் வேண்டுவோர் சூரியன் எட்டிப் பார்க்கும் தெற்குக்கு முதுகு காட்டி நிற்கவும்.

வண்டியே வராத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நின்று பழகிய ஊர் அது. கசாப்புக் கடைக்காரர் குடும்பம் முதலில் திரும்பியது. அதைப் பார்த்து ஹில்க்கா திரும்பினாள். ரெய்னோ தயங்கி நின்றார். மெர்வி பக்கத்தில் வந்து, திரும்பி நின்றால் இன்றே தேர்ச்சி என்று காதோடு சொன்னார். மதியத் தூக்கம் கண்ணில் வந்து நின்றது. ரெய்னோவும் திரும்பினார்.

சற்று நேரத்தில் ஒவ்வொருவர் காலடியிலிருந்தும் ஒரு நிழல் புறப்பட்டு வெள்ளைப் பனியில் நீளமாகப் படுத்தது. இத்தனை நாளாகப் பார்க்காத தன் நிழலை ஊரே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றது.

"யாராவது சூரியனைப் பாத்தீங்களா?" என்றார் ஓஸ்மோ, தன் நிழலைப் பார்த்தபடி.

"இல்ல" என்றது ஊர்.

ரெய்னோவும் இல்லை என்றார். வருஷா வருஷம் இந்த நிமிஷத்தில் அவருக்குக் கண் கலங்கும். யாரும் பார்க்காமல் துடைத்துக்கொள்வார். இன்று முதுகு மட்டும் லேசாகச் சூடானதுபோல் இருந்தது. அதற்குள் நிழல்கள் மங்கிவிட்டன.

மறுநாள் தேர்ச்சிச் சான்றிதழ் கைக்கு வந்தது. ஹில்க்காவுக்கு ஆந்தைப் பதக்கமும் கிடைத்தது. மதியம் ஒரு மணி. ரெய்னோ சூப்பைக் குடித்துவிட்டுப் பலகையில் சாய்ந்தார். கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"தூங்கிட்டியா?" என்றாள் ஹில்க்கா, ஜன்னலோரம் நின்றபடி.

"தூங்குறேனான்னு பாத்துட்டே இருக்கேன். பாக்குறதால வர மாட்டேங்குது."

"பாக்காம தூங்கினா கணக்குல சேராதே."

"அதான்."

ஹில்க்கா ஜன்னலைத் திறந்து வெளியே காது கொடுத்தாள். அந்த நேரத்துக்கு வழக்கமாக வீட்டுக்கு வீடு ஏதாவது சத்தம் வரும்.

"தெருவுல எந்த வீட்லயும் குறட்டை கேக்கல" என்றாள். "எல்லாரும் தேறிட்டாங்க போல."