ஆடு இல்லாத விளையாட்டுக்கு ஆட்டுப் படம்

கோவில்பட்டி,
14.8.2008

மகா கனம் பொருந்திய வெளிநாட்டு விளையாட்டுக் கடை மேலாளர் அவர்களுக்கு, கோவில்பட்டி சேவல் மார்க் தீப்பெட்டி ஆபீஸ் உரிமையாளர் பூவனநாதன் இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

நாங்கள் இங்கே சுகம். தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் பிள்ளைகளும் கடைச் சிப்பந்திகளும் சுகந்தானா? இங்கே மழை இல்லை. கரிசல் காடெல்லாம் கால் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கிறது. தீக்குச்சி காய வெயில்தான் வேண்டும், ஆகவே நான் வாய் திறந்து குறை சொல்ல முடியாது. எனக்கு ஆங்கிலம் எழுத வராது. ஆனால் எந்த நாட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் நம் பக்கத்து ஆள் ஒருத்தராவது இருப்பார் என்று கேள்வி. அவரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளவும். (வாசிக்கிற அண்ணாச்சி, கொஞ்சம் மரியாதை கூட்டிச் சொல்லுங்கள். நான் சூடாகிற இடங்களில் மட்டும் தணித்துச் சொல்லுங்கள்.)

விஷயம் இதுதான். உங்கள் இன்டர்நெட் கடையில் வண்ண உருண்டை விளையாட்டு ஒன்று இருக்கிறதே, மேலிருந்து உருண்டைகள் விழும், ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் மறையும், அதை உண்டாக்கியவள் என் ஒரே மகள் சுகுணா. பெங்களூர் வேலையை உதறிவிட்டு வந்து, எங்கள் ஆபீஸ் மாடியில் உட்கார்ந்து ஒன்றரை வருடம் பாடுபட்டாள். முகப்புப் படத்துக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை, ஏழு நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் கடையிலிருந்தே எடுத்துவிடுவோம் என்று நீங்கள் அவளுக்கு எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அந்தப் படம் அவள் போட்டதல்ல. நான் போட்டது. அதனால் மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. நான் பக்கத்திலேயே நிற்கும்போது, "அப்பாவச் சாப்பிட வரச் சொல்லும்மா" என்று தன் அம்மா கோமதியம்மாளிடம் சொல்கிறாள். கோமதியம்மாள் அதை என்னிடம் திருப்பிச் சொல்கிறாள். நானும் போய்ச் சாப்பிடுகிறேன்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் சுகுணாவே ஒரு படம் போட்டாள். நாற்பது உருண்டை, வானவில், நட்சத்திரம், பூவேலை செய்த எழுத்தில் முழ நீளத்துக்குப் பெயர் என்று எதையும் விடவில்லை. கம்ப்யூட்டரில் பெரிதாகப் பார்த்தால் கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. ஆனால் உங்கள் கடையில் நூறு படங்களுக்கு நடுவே அது குட்டியாக ஒடுங்கிக் கிடந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். அப்படியே எங்கள் தீப்பெட்டி லேபிள் அளவு! எனக்குப் புல்லரித்துவிட்டது. மகள் மாடியில் என்னதான் செய்கிறாள் என்று ஒன்றரை வருடமாக விளங்காமல் இருந்தவனுக்கு, விளங்குகிற மாதிரி ஒன்று வந்துவிட்டது. அந்தப் படத்தை அச்செடுத்து, லேபிள் ஒட்டுகிற வேலுத்தாயிடம் காட்டினேன். "இது என்ன அண்ணாச்சி, சிந்திப்போன பூந்தியா?" என்றாள். ஒரு மாதத்தில் பதினோரு பேர்தான் வாங்கியிருந்தார்கள். அதில் எட்டுப் பேர் சுகுணாவோடு படித்தவர்கள்.

பெட்டிக்கடையில் தீப்பெட்டி வாங்குகிறவர் பெயரை வாசிப்பதில்லை ஐயா. "அந்தச் சேவல் பெட்டி ஒண்ணு குடுங்க" என்பார். கேட்டு வாங்க ஒரு உருவம் வேண்டும். ஒன்றே ஒன்று, பெரிதாக. பின்னால் ஒரே நிறம். கண் வாங்குகிறவரைப் பார்க்க வேண்டும். பத்தடி தள்ளி நின்றாலும் இன்னதென்று தெரிய வேண்டும். இதைச் சொன்னதும் சுகுணா அசந்துபோனாள். "சரியாத்தான் சொல்லுதீங்க. அப்ப நீங்களே செய்யுங்கப்பா" என்று பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, தோழி கல்யாணத்துக்கு பெங்களூர் கிளம்பிவிட்டாள். என்ன உருவம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தச் சமயம் நாகலாபுரத்துப் பாலம்மாள் எருவுக்காக எங்கள் காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருந்தாள். அவளிடம் தாடி வைத்த ஒரு வெள்ளாட்டுக் கிடா. பெண் பார்க்க வந்த இடத்தில் காபி ஆறிப்போச்சு என்று சொல்கிற ஆளின் முகம் அதற்கு. பார்த்தால் மறக்காது. ஸ்டுடியோ வைத்திருக்கும் மணிகண்டபிரபுவைக் காட்டுக்கே கூட்டிப்போனேன். பின்னணிக்குப் பச்சை சார்ட் அட்டையைப் பிடித்தோம், கிடா தின்றுவிட்டது. மஞ்சள் சார்ட்டைப் பிடித்தோம், அதையும் தின்ன ஆரம்பித்தது. "அண்ணாச்சி, இந்தச் செவப்புதான் கடைசி. இதையும் தின்னா என் சட்டையத்தான் பிடிக்கணும்" என்றான் பிரபு. பாலம்மாளோ, "ஆட்ட மட்டும் எடுத்தா எப்பிடி? வளத்தவ நான் இங்கன நிக்கேன்லா?" என்று படத்துக்குள் நுழைந்தாள். இந்தத் தள்ளுமுள்ளில் விழுந்த படம்தான் உங்கள் கடையில் இருப்பது. சிவப்புப் பின்னணி, வாயில் மஞ்சள் அட்டைத் துண்டோடு நேராக முறைக்கிற கிடா, ஓரத்தில் கயிற்றைப் பிடித்த ஒரு வளையல் கை. சோதித்துப் பார்க்காமல் விடுவேனா? சின்னதாக அச்செடுத்து பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். மணியாச்சி பஸ் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊதவே மறந்துவிட்டார். "ஏலே, அந்த ஆடு என்னையவே பாக்குதுலே" என்று டிரைவரிடம் சொன்னார். அன்றைக்கே பிரபு படத்தை உங்கள் கடையில் ஏற்றிவிட்டான்.

ஒரே வாரத்தில் நாலாயிரம் பேர்! சுகுணா ஊரிலிருந்து வந்து கம்ப்யூட்டரைத் திறந்து, "யப்பா!" என்று கத்திய கத்தலில் கீழே குச்சி அடுக்கிய பெண்கள் தீப்பிடித்துவிட்டதோ என்று வாசலுக்கு ஓடினார்கள். நானும் வெடிச்சத்தம் கேட்ட கன்றுக்குட்டி மாதிரி ஆபீஸ் பூராவும் துள்ளினேன். அந்தச் சந்தோஷம் இரண்டு நாள். பிறகு கடிதங்கள் வந்தன. ஆடு எங்கே என்று கேட்டார்கள். ஒரு அம்மா நூற்றிருபது கட்டம் ஆடி முடித்துவிட்டு, கடைசியிலும் ஆடு வரவில்லையே என்று அழாத குறையாக எழுதியிருந்தார். அதன்பின் உங்கள் கெடு. "உள்ள ஆடே கெடையாதேப்பா, ஏன் ஆட்டப் போட்டீங்க?" என்றாள் சுகுணா. "நம்ம பெட்டிக்குள்ள சேவலா இருக்கு?" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

நீங்களும் கடைக்காரர், நானும் அந்தத் தொழில்தான். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். முப்பத்தொரு வருடமாகச் சேவல் படம் போட்டுத் தீப்பெட்டி விற்கிறேன். ஒருத்தராவது பெட்டியைத் திறந்து, சேவலைக் காணோமே என்று கேட்டதுண்டா? ஒருத்தர்கூடக் கிடையாது! (அண்ணாச்சி, இந்த இடத்தைத் தணிக்க வேண்டாம்.) தப்பென்றால் தப்பு என்னுடையது. என்னைத் திட்டி ஒரு கடிதம் போடுங்கள், சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன். என் மகள் விளையாட்டை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவள் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை ஐயா. இக்கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகும் என்கிறார் தபால்காரர். ஆகவே உங்கள் ஏழு நாளைப் பதினோராம் நாளிலிருந்து எண்ணத் தொடங்கவும். தனிப் பார்சலில் கடலைமிட்டாய் அரைக் கிலோ வருகிறது. அது லஞ்சம் அல்ல, இந்த ஊர் வழக்கம்.

செண்பகவல்லி அம்மன் புண்ணியத்தில் உங்கள் கடையில் கூட்டம் குறையாமல், திருஷ்டி படாமல், வீட்டில் எல்லோருக்கும் பல்வலிகூட வராமல் இருக்கக் கும்பிட்டுக்கொள்ளும்,

பூவனநாதன்

பின்குறிப்பு: உறை ஒட்ட நான் பசை தேடிய நேரத்தில் சுகுணா இதை எடுத்து வாசித்துவிட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குக் கோபமே இல்லையாம். "ஆட்ட உள்ள கொண்டாந்துட்டு இருந்தேம்ப்பா. நீங்க பேச ஆரம்பிச்சா வேலை ஓடுமா?" என்கிறாள். இனிமேல் உருண்டை சேராமல் முழிக்கிறவர்களுக்குக் கிடா வந்து ஒன்றைத் தின்றுவிட்டுப் போகும். பாலம்மாளின் வளையல் கை வந்து அதை இழுத்துப்போகும். நேற்றே உங்களுக்கு அனுப்பி, நீங்களும் சரியென்று சொல்லிவிட்டீர்களாம். எனவே மேலே எழுதியது எதுவும் எழுதப்படவில்லை என்று கொள்ளவும். ஸ்டாம்பு ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன்.

இன்னொன்று. யாருமே கேட்டதில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? "நான் கேட்டேன்லாப்பா" என்றாள். ஆறு வயதில் ஒரு பண்டல் தீப்பெட்டி முழுவதையும் ஒவ்வொன்றாகத் திறந்து போட்டுச் சேவலைத் தேடியவள் இவள்தான். அன்று காதைத் திருகினேனே தவிர, என்ன தேடுகிறாய் என்று நான் கேட்கவில்லை. அடுத்த லாட்டிலிருந்து உள்பெட்டியின் அடியில் சின்னதாக ஒரு சேவல் அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். அதுவரை பொறுக்காமல், ஒரு பெட்டிக்குள் நானே பேனாவால் வரைந்து அவள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். திறந்து, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆடு மாதிரில்லா இருக்கு" என்றாள்.