சம்பளம் ஏறினால் தொலைந்தேன், மச்சான்

மதிப்பிற்குரிய மச்சான் பலராமன் அவர்களுக்கு,

மண்ணூரிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் சீனிவாசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மஞ்சுளாவும் கலைமதியும் சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயம்தான். குன்றத்தூரில் அக்காவும் பிள்ளைகளும் நலமா? போனில் பேசினால் கம்பெனியில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

கலைமதி காலேஜில் இந்த வருடம் கட்டணத்தை எண்பத்தைந்தாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரமாக ஏற்றிவிட்டார்கள். அரசாங்க உதவித்தொகை வந்தால்தான் அவள் மூன்றாம் வருடம் போக முடியும். அதற்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. என் சம்பளம் வருடத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். நடுவில் ஆறாயிரம்தான் இருக்கிறது, மச்சான். இந்த நேரம் பார்த்து எங்கள் சூப்பர்வைசர் ஏசுவடியான் சார் என்னை லைன் லீடராக்குகிறேன் என்று கிளம்பிவிட்டார். மாதம் இரண்டாயிரம் கூட வருமாம். கேட்டதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்றிலிருந்து அவரைக் கண்டாலே ஒளிந்துகொள்கிறேன். அவர் திருநெல்வேலிக்காரர், விடுகிற ஆளில்லை. போன வாரம் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்து, "என்ன அண்ணாச்சி, கீழ விழுந்த போல்ட்டக்கூட தேடிப் பொறுக்குதிய! உங்கள மாதிரி ஆளுல்லா வேணும்" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மறுநாளே எல்லார் முன்னாலும் சிறந்த தொழிலாளி என்று சால்வை போட்டு, ஐயாயிரத்துக்கு ஒரு செக். எல்லாரும் கை தட்டுறாங்க, நான் மனசுக்குள்ள கழிச்சுப் பாக்கறேன், மிச்சம் ஆயிரம். வாய் குழறி, "வேணாம் சார், வேற யாருக்குனா குடுத்துடுங்க"ன்னுட்டேன்.

வினையே அதுலதான் மச்சான். பணம் வேணாம்ங்கறவன் சங்கம் வைக்கப்போறான்னு கம்பெனிக்கு சந்தேகம் வந்துடுச்சு. ஹெச்.ஆர். ஷாரோன் மேடம் ரூமுக்குக் கூப்ட்டு, "காசு வேணாம்னு யாருங்க சொல்வாங்க? உங்க பின்னாடி யார் இருக்காங்க?"ன்னாங்க. திரும்பிப் பாத்தேன். லீவு கேக்க வந்த கோபால் நின்னுகினு இருந்தான். "கோபால், மேடம்"னேன். இப்ப அவனையும் கூப்ட்டு விசாரிக்கறாங்க. அவன் என்கிட்ட பேசறதே இல்ல. நான் கேன்டீனுக்குப் போனாலும் செக்யூரிட்டி ஒருத்தர் பின்னாலயே வர்றாரு. உண்மையைச் சொன்னா வருமானத்தை மறைக்கறான்னு எழுதி வச்சுடுவாங்களோன்னு பயம், சொல்லாட்டி வேலை போயிடுமோன்னு பயம். வேலை போனா உதவித்தொகை கண்டிப்பா கிடைக்கும், சோறு யாரு போடறது?

என்னை இங்கே சேர்த்துவிட்டவர் நீங்கள்தான். ஆகவே தயவுசெய்து திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வந்து, இவன் பயந்தாங்கொள்ளி, சங்கம் வைக்கும் அளவுக்குத் தைரியம் கிடையாது என்று ஷாரோன் மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. நன்றாகப் படிக்கட்டும், சுமாரான கட்டணத்தில்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
சீனிவாசன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மஞ்சுளா கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். படித்ததும் உள்ளே போய் ஒரு பணக்கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மூன்று மாதமாக, நான் ஷிஃப்டுக்குக் கிளம்பியதும், ஒரகடத்தில் ஒரு பெண்கள் விடுதிக்குச் சமையல் வேலைக்குப் போகிறாளாம். மாதம் ஒன்பதாயிரமாம், அப்படியே கட்டணத்துக்கு எடுத்து வைத்திருக்கிறாள். "ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னா நீ பயந்துக்குவன்னுதான்யா" என்றாள். ஆக, இரண்டரை லட்சத்தை நாங்கள் எப்போதோ தாண்டிவிட்டோம், உதவித்தொகை இனி கிடையாது. நீங்கள் வர வேண்டாம். நாளைக் காலை நானே ஏசுவடியான் சாரைத் தேடிப்போய் அந்த லைன் லீடர் வேலையைக் கேட்கப்போகிறேன். கம்பெனி கேட் வரைக்கும் மஞ்சுளா கூட வருகிறாள்.